குளிரில் ஒளிந்திருக்கும் வெயில்

(பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் என்னை அழைத்து, "சுகாதாரம் பற்றி ஏதாவது பத்து நிமிஷம் பேசுங்க ஐயா" என்றார்கள். நான் வெயிலைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். உடனே ஒரு நண்பர் சிரித்துவிட்டார். "கியா பார்மில வந்து வெயிலைப் பத்திப் பேசுறீங்களா? இங்க எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டுத் திரியுறோம்" என்றார். அந்தச் சிரிப்பினால்தான் இந்தத் தலைப்பை நான் விடவில்லை. ஈப்போவிலும் தாப்பாவிலும் இருப்பவர்களுக்கு வெயில் சுடும். சுட்டதும் நிழலுக்கு ஓடுவார்கள். "நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பது நம் பழமொழி. இந்த மலையிலோ வெயிலே தெரிவதில்லை. அப்புறம் நிழலின் அருமை எங்கே தெரியப்போகிறது?

மலையேறினால் வெயில் குறையுமா?

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு எழுதிவைத்தார். அவர் பெயரே இந்த மலைக்கு நிலைத்துவிட்டது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. காட்டை அழித்து, சரிவில் நட்டு, கொழுந்தெடுத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள். இங்கே தேயிலை வளர்வதற்குக் காரணம் குளிர்ச்சி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறைகிறது. அதனால்தான் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓய்வுக்கு இங்கே வந்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் பேருந்து பேருந்தாக வருகிறார்கள்.

ஆனால் வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. இதை ஐந்தாம் ஆண்டு மாணவர்கூடப் புரிந்துகொள்ளலாம். சூரியனிடமிருந்து நமக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒளி வருகிறது. உடம்பில் சூடாகப் படுகிற வெப்பக் கதிர் வருகிறது. கண்ணுக்கும் தெரியாமல் சூடாகவும் படாமல் புற ஊதாக் கதிரும் வருகிறது. தோலைக் கெடுப்பதில் இந்த மூன்றாவது ஆளுக்குத்தான் பெரிய பங்கு. திருடன் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை அல்லவா?

இந்தக் கதிரைக் கொஞ்சமாவது வடிகட்டுவது நம் தலைக்கு மேலிருக்கும் காற்று. மேலே ஏற ஏறக் காற்றின் கனம் குறைகிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். நாம் இருப்பதோ கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே. பிரிஞ்சாங் மலை உச்சி 2,000 மீட்டரைத் தாண்டியது. ஆக, கீழே கடற்கரையில் நிற்பவரைவிட நம் முகத்தில் இந்தக் கதிர் கூடுதலாகவே விழுகிறது. உடம்பு குளிரில் நடுங்குகிறது. தோல் வெயிலில் காய்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

"மேகம் மூடியிருக்கே, மூடுபனி இருக்கே" என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். கறுத்துத் திரண்ட மழை மேகம் நிறையத் தடுக்கும். மெல்லிய மேகமாக இருந்தால் 80 விழுக்காடு வரை புகுந்துவிடும். வெள்ளை மேகம் சில நேரம் கதிரைத் திருப்பி நம் மீதே வீசும். ஆகவே வெளிச்சமான மூடுபனி நாளை நிழல் நாள் என்று நம்பிவிடக் கூடாது.

கடிகாரமும் நிழலும்

மாணவர்களே, உங்களுக்கு ஒரு விளையாட்டுச் சொல்கிறேன். திடலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் கதிர் குறைவு. நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. ஓர் அளவுகோலும் ஒரு குச்சியும் இருந்தால் போதும். அறிவியல் பாடத்துக்கும் ஆகும்.

குச்சியின் நிழல் மிகக் குட்டையாகும் நேரம் எது? "பன்னிரண்டு மணி" என்று எல்லாரும் சொல்வீர்கள். இங்கே அப்படி இல்லை. ஒரு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில்தான் சூரியன் நம் உச்சிக்கு வருகிறது. காரணம் வேடிக்கையானது. 1982 ஜனவரி முதல் நாள் தொடங்கும்போது, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று, தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். நாம் கடிகாரத்தை மாற்றினோம். சூரியன் மாறவில்லை.

ஆகையால் காலை ஏறத்தாழ பத்து மணி முதல் பிற்பகல் நாலரை மணி வரை நமக்குக் காவல் வேண்டிய நேரம். அதிலும் பதினொன்றரையிலிருந்து மூன்று வரை மிகக் கடுமை. "மத்தியானம் மூணு மணி ஆச்சே, வெயில் தாழ்ந்திடுச்சு" என்று பிள்ளைகளைத் தொப்பியில்லாமல் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். சூரியக் கணக்குப்படி அப்போது இரண்டு மணி கூட ஆகியிருக்காது.

நாம் கறுப்பு, நமக்கு எதற்கு?

இனி நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலுக்கு வருகிறேன். "ஐயா, இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு. நம்ம தோல் வெயிலுக்குன்னே படைச்சது."

இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் மரியாதையோடு ஒப்புக்கொள்வோம். நம் தோலில் மெலனின் என்ற நிறமி இருக்கிறது. அது இயற்கை தந்த குடை. 1975-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், வெயிலில் சிவந்து எரியுமா, கறுக்குமா என்பதை வைத்துத் தோலை வகைப்படுத்தினார். பின்னாளில் அது ஆறு வகையாக விரிந்தது. முதல் வகை எப்போதும் எரியும், கறுக்காது. ஆறாம் வகை கறுத்தே இருக்கும், எரிவது மிக அரிது. நம்மில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரை வருகிறோம். 1979-இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், கறுப்பினத்தவரின் மேல்தோல் ஏறத்தாழ 13 மடங்கும், வெள்ளையரின் மேல்தோல் ஏறத்தாழ 3 மடங்கும் கதிரைத் தாங்கியதாகக் கண்டார்கள். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். ஆகவே புற்றுநோயைச் சொல்லி உங்களை நான் பயமுறுத்தப் போவதில்லை.

மற்றப் பாதி என்ன? குடை இருந்தாலும் கால் நனைகிறதல்லவா, அதுபோல. நம் தோல் எரியாமல் இருக்கலாம். ஆனால் திட்டுத் திட்டாகக் கறுக்கும். கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் படரும் மங்கு நம் தாய்மார்களிடம் எவ்வளவு சாதாரணம்! பிள்ளைப்பேற்றின் போதும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் போதும் வரும்; வெயில் அதை ஊதிப் பெரிதாக்கும். முகப்பரு ஆறிய இடத்தில் கரும்புள்ளி நிற்பதும், வெயில் பட்டால் அது மாதக்கணக்கில் மறையாமல் இருப்பதும் நம் போன்ற தோலுக்கே உரிய தொல்லை. கண்ணில் சதை வளர்வதற்கும், வயதான காலத்தில் கண்புரை வருவதற்கும் இந்தக் கதிர் ஒரு காரணம். கண்ணுக்கும் உதட்டுக்கும் மெலனின் குடை அவ்வளவாகக் கிடையாது.

காய்கறி லாரி ஓட்டும் அண்ணன்மார்களுக்கும் ஒரு சொல். வண்டிக் கண்ணாடி எரிக்கும் கதிரைத் தடுக்கும். சுருக்கத்தையும் கறுப்பையும் உண்டாக்கும் கதிரில் நிறைய உள்ளே விட்டுவிடும். அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவருடைய முகப்படம் 2012-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. சன்னல் பக்கத்து இடது கன்னம் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தடித்துத் தொங்கியது. வலது கன்னம் அவ்வளவு கெடவில்லை. நம் நாட்டில் ஓட்டுநருக்குச் சன்னல் வலப்பக்கம். வலது கையையும் வலது கன்னத்தையும் ஒருமுறை கண்ணாடியில் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற கொடிய புற்றுநோய் வந்தால், அது பெரும்பாலும் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்துக்கு அடியிலோ வருகிறது. பாடகர் பாப் மார்லி 1981-இல் அந்த நோயால்தான் இறந்தார். கால் விரல் நகத்தடியில் தொடங்கியது. இதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. எந்தக் களிம்பும் இதைத் தடுக்காது. பூட்ஸைக் கழற்றிக் கால் கழுவும்போது, வளர்ந்துகொண்டே போகும் கரும்புள்ளியோ நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடோ இருந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். ஒரு நிமிட வேலை.

முதலில் துணி, பிறகு களிம்பு

நம் பாட்டிமார்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது எப்படிப் போனார்கள்? தலையில் துண்டு, கழுத்து வரை இறங்கிய முக்காடு, முழங்கையைத் தாண்டிய சட்டை, இடுப்பில் சாக்கு. எந்தப் புத்தகமும் படித்து அவர்கள் அப்படி உடுத்தவில்லை. ஆனால் இன்றைய தோல் மருத்துவர் சொல்லும் முதல் பாடம் அதுவே. நெருக்கமாக நெய்த துணி கழுவக் கழுவக் கரைவதில்லை, இரண்டு மணிக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியதில்லை, காசும் மிச்சம். 1981-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய பிரசாரமும் மூன்றே வார்த்தைதான்: சட்டையைப் போடு, களிம்பைப் பூசு, தொப்பியை வை. சட்டைதான் முதலில் வந்தது, கவனியுங்கள்.

முகத்தில் பூசுவதும் புதிய நாகரிகம் இல்லை. நம்மோடு வேலை செய்கிற மியன்மார் நாட்டுத் தோழர்கள் தனாக்கா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசுகிறார்கள். சபாவில் பஜாவ் பெண்கள் அரிசியும் மஞ்சளும் சேர்த்தரைத்த மாவைப் பூசிக்கொண்டு கடலுக்குப் போகிறார்கள். நம் வீட்டில் மஞ்சள். இவையெல்லாம் தோலுக்குக் குளிர்ச்சியும் கொஞ்சம் மறைப்பும் தரலாம். ஆனால் அளந்து பார்த்த பாதுகாப்பு என்று இவற்றை நம்பிவிட முடியாது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகக் கூடாது. எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கொப்புளம் வரும். பிறகு கறுப்புத் தழும்பு நெடுநாள் நிற்கும்.

களிம்பின் செலவையும் ஒளிக்காமல் பேசுவோம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒருமுறைக்கு ஏறத்தாழ 2 மில்லிலிட்டர் வேண்டும். காலையில் ஒருமுறை, இடைவேளையில் ஒருமுறை என்றால் நாளைக்கு 4. ஐம்பது மில்லிலிட்டர் குப்பி பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். ஒரு வீட்டில் நான்கு பேர் என்றால் கணக்கு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்த வெள்ளியில் கை வைக்க நான் சொல்லமாட்டேன். அகன்ற விளிம்புத் தொப்பி, காதையும் பின்கழுத்தையும் மூடும் துண்டு, நீளக் கைச்சட்டை, கறுப்புக் கண்ணாடி, இவை எல்லாருக்கும். களிம்பு துணி மூடாத முகத்துக்கும் புறங்கைக்கும். வீட்டில் ஒரே ஒரு குப்பிதான் வாங்க முடியும் என்றால், யாருக்கு மிகவும் தேவை என்று பார்த்து அவருக்குக் கொடுங்கள்.

யாருக்கு மிகவும் தேவை? பிறவியிலேயே நிறமி இல்லாமல் வெளுத்துப் பிறந்த பிள்ளைக்கு. அந்தப் பிள்ளைக்குத் தொப்பியும் களிம்பும் கண்ணாடியும் உயிர்க்காவல். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு; அந்த இடத்தில் குடையே கிடையாது. மங்கு உள்ள தாய்மார்களுக்கு. வெயில் பட்டால் கன்னத்தில் வண்ணத்துப்பூச்சிச் சிறகு போலத் தடிப்பும், மூட்டு வலியும் வருகிறவர்களுக்கு. இவர்கள் டாக்டரையும் பார்க்க வேண்டும், லூப்பஸ் நோயாக இருக்கலாம். டாக்சிசைக்கிளின் போன்ற சில மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு. அந்த மருந்து தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். மருந்து வாங்கும்போதே "வெயில்ல போகலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

எதைப் பார்த்து வாங்குவது?

கடையில் சன்ஸ்கிரீன் என்று கேட்டால் பத்து வகை எடுத்து வைப்பார்கள். பெட்டியின் முன்புறப் படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள்.

முதலில் எஸ்.பி.எஃப். என்ற எண். இதற்கும் ஒரு மலைக் கதை உண்டு. ஃபிரான்ஸ் கிரைட்டர் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர், மாணவராக இருந்த காலத்தில் 1938-இல் பிட்ஸ் புயின் என்ற 3,312 மீட்டர் பனிமலையில் ஏறினார். குளிரான மலைதான், ஆனாலும் வெயிலில் முகம் வெந்துபோயிற்று என்று சொல்வார்கள். 1946-இல் "பனிமலைக் களிம்பு" என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எஸ்.பி.எஃப். எண்ணைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். குளிர்மலைக்காரன் கண்டுபிடித்ததைக் குளிர்மலைக்காரர்கள் நாம் பயன்படுத்தக் கூடாதா?

அந்த எண்ணின் பொருள் இது. எரிக்கும் கதிர் நூறு வந்தால், 15 என்ற களிம்பு ஏறத்தாழ ஏழை உள்ளே விடும். 30 மூன்றை விடும். 50 இரண்டை விடும். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் வேறுபாடு ஒன்றே ஒன்று. ஆகவே நம்மில் பெரும்பாலோர்க்கு 30 போதும். மங்கு, வெண்புள்ளி, நிறமியின்மை உள்ளவர்கள் 50 வாங்கட்டும். "நூறு" என்று எழுதி இரண்டு மடங்கு விலை சொன்னால் ஏமாற வேண்டாம்.

இரண்டாவது, பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள். கறுக்க வைக்கும் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டுவது இது. கூட்டல் கூடக் கூட நல்லது. நமக்குக் கறுப்புத் திட்டுத்தான் தொல்லை என்பதால், மூன்று கூட்டலுக்குக் குறையாமல் பாருங்கள். சிலவற்றில் வட்டத்துக்குள் யு.வி.ஏ. என்று போட்டிருக்கும், அதுவும் சரி.

மூன்றாவது, அறிவிப்பு எண். நம் நாட்டில் அழகுப் பொருள்கள் சுகாதார அமைச்சின் கீழுள்ள என்.பி.ஆர்.ஏ. முகமைக்கு அறிவிக்கப்பட வேண்டும். என், ஓ, டி என்ற எழுத்துகளில் தொடங்கும் எண் பெட்டியில் இருக்கும். அது இல்லாத குப்பியை, சந்தையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். லாரி முன்தட்டில் மாதக்கணக்கில் காய்ந்த களிம்பு கெட்டுப்போயிருக்கும்.

இனித் தோலுக்கேற்ற வகை. எண்ணெய் வழியும் முகமும் பருவும் உள்ள இளைஞர்களுக்கு ஜெல் போன்றது, எண்ணெய் இல்லாதது. குளிரில் வறண்டு வெடிக்கும் தோலுக்குக் கிரீம் போன்றது. அரிப்பும் தடிப்பும் எளிதில் வருகிற தோலுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் வாசனை சேர்க்காத, துத்தநாக ஆக்சைடு கலந்த வகை. இந்தத் துத்தநாக வகையில் ஒரு குறை உண்டு: நம் நிறத்தில் பூசினால் சாம்பல் பூத்தது போல வெளுத்துத் தெரியும். பிள்ளைகள் கூச்சப்பட்டுக் கழுவிவிடுவார்கள். அதற்கு இப்போது தோலின் நிறத்திலேயே, இரும்பு ஆக்சைடு கலந்து வருகிறது. மங்கு உள்ளவர்களுக்கு இதுவே சிறந்தது. ஏனென்றால் கறுத்த தோலில் கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் திட்டை வளர்க்கும். இரும்பு ஆக்சைடு அதையும் தடுக்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் களிம்பே வேண்டாம். நிழலும் துணியும் போதும்.

எப்படிப் பூசுவது?

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனியிலிருந்து அடிவரை ஒரு கோடு பிதுக்குங்கள். அந்த இரண்டு கோடுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் அளவு. பயறு அளவு தொட்டுக் கன்னத்தில் தடவினால், பெட்டியில் எழுதிய எண் கிடைக்காது. வெளியே போவதற்குக் கால்மணி நேரம் முன்பே பூசுங்கள். காலை பெரட்டுக்கு இருட்டோடு போகிறவர்கள், பசியாறும் இடைவேளையில் பூசினாலும் போதும். காவல் வேண்டிய நேரம் அதற்குப் பிறகுதானே! காது மடல், பின்கழுத்து, மூக்கின் மேடு, புறங்கை, இவற்றை எல்லாரும் மறந்துவிடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது வேர்த்து முகம் துடைத்தபின், மறுபடியும் பூச வேண்டும். கொசுமருந்து பூசுவதானால் களிம்பு முதலில், கொசுமருந்து பிறகு.

காய்கறித் தோட்டத்து நண்பர்களே, இது உங்களுக்கு முக்கியம். பூச்சிமருந்து அடித்த கையோடு முகத்தில் களிம்பு பூசவே கூடாது. சில களிம்புகள் சில பூச்சிமருந்துகளைத் தோலுக்குள் எளிதாக இறங்க வைக்கின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; பிறகுதான் குப்பியைத் தொடுங்கள். மருந்து தெளிக்கும் வேலைக்குப் போகிற நாளில் முகமூடியும் முழுச்சட்டையும் கையுறையுமே உங்கள் காவல்.

இதில் பயன் உண்டா என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். தினமும் பூசச் சொன்ன பிரிவினரிடம் ஒருவகைத் தோல் புற்றுநோய் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. தோல் முதுமையடைவதும் மெதுவாயிற்று. அவர்கள் வெள்ளைத் தோலர்கள். அந்தக் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் முறையாகப் பூசினால் களிம்பு வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று.

வெள்ளையாக்கும் கிரீம்

தாய்மார்களே, நான் இந்த மேடைக்கு வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். வெயில் களிம்பு வாங்கச் சொன்னால், சிலர் வெள்ளையாக்கும் கிரீமை வாங்கி வந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும். பெட்டியும் ஒன்றுபோல் இருக்கும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. வெயில் களிம்பு உங்கள் நிறத்தைக் காக்கும். மற்றது உங்கள் நிறத்தின் மேல் போர் தொடுக்கும்.

பெயர் தெரியாத சில கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. நாலே வாரத்தில் முகம் வெளுக்கும். பிறகு சிறுநீரகம் கெடும். கர்ப்பிணி பூசினால் வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையில், சிறுநீரில் புரதம் போகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை. அந்தப் பதினைந்து பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள். அழகுக்காகத் தொடங்கியது மருத்துவமனையில் முடிந்தது.

நம் நாட்டிலும் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் கலந்திருந்த அழகுப் பொருள்களின் பெயர்களை என்.பி.ஆர்.ஏ. அவ்வப்போது வெளியிட்டு விற்பனையைத் தடுக்கிறது. வாங்குமுன் யாராவது படித்த பிள்ளையிடம் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். "தங்கம், வெள்ளி நகை மீது படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று பெட்டியில் எழுதியிருந்தால் உடனே கீழே வையுங்கள். நகைக்கு ஆகாதது முகத்துக்கு எப்படி ஆகும்?

இதற்கெல்லாம் வேர் எங்கே இருக்கிறது? நம் நாக்கில் இருக்கிறது. "வெயில்ல ஆடாதே, கறுத்துப் போயிடுவே, அப்புறம் யாரு கட்டிக்குவா?" என்று ஆறு வயதுப் பெண் பிள்ளையிடம் சொல்கிறோம். தொப்பி போடச் சொல்ல வேண்டும், சரிதான். ஆனால் கறுப்பை ஒரு தண்டனை போலச் சொல்லித் தொப்பி போடச் சொன்னால், அந்தப் பிள்ளை பதினாறு வயதில் எந்தக் கிரீமைத் தேடும் என்று யோசித்துப் பாருங்கள். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்றார்கள். காக்கை தன் குஞ்சை வெளுக்க வைத்துப் பொன் என்று சொல்லவில்லையே! 2009-இல் சென்னையிலிருந்து "கறுப்பே அழகு" என்ற கருத்தோடு ஓர் இயக்கம் புறப்பட்டது. 2020-இல் இந்தியாவின் பெயர்பெற்ற கிரீம் ஒன்று "ஃபேர்" என்ற சொல்லையே தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நாம் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டாமா?

நாளைக்கே செய்யக்கூடியவை

பள்ளி நிர்வாகத்துக்குப் பணிவான சில வேண்டுகோள்கள். போட்டி விளையாட்டுப் பயிற்சியைக் கூடியவரை காலை பத்து மணிக்கு முன்னால் வையுங்கள். திடலில் தொப்பி அணிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுமதி கொடுங்கள். திடலோரத்தில் நிழல் தரும் மரங்களைப் பெற்றோர்கள் ஒரு கோத்தோங் ரோயோங்கில் நட்டுவிடலாம். தோட்ட நிர்வாகத்திடம் தொழிற்சங்கத்தின் மூலம் தொப்பியும் நீளக் கைச்சட்டையும் கேட்பது நியாயமான கோரிக்கையே. பூட்ஸ் கேட்பது போலத்தான் அதுவும்.

"வெயிலே படாட்டி வைட்டமின் டி குறையாதா?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். குறையாமல் பார்த்துக்கொள்ளலாம்.  பிள்ளைகள் முட்டையும் மத்தி மீனும் சாப்பிடட்டும். வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு, தொப்பி வைத்தாலும் கொஞ்ச வெயில் எப்படியும் கிடைத்துவிடும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவர்களுக்குத்தான் இதில் கூடுதல் கவனம் தேவை.

மாணவச் செல்வங்களே, நாளைக்குத் திடலில் குச்சியை நட்டு நிழலை அளங்கள். மணிக்கொரு முறை குறித்து வையுங்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அந்தக் கணக்கைக் காட்டுங்கள். அப்பா லாரியில் ஏறும்போது நீளக் கைச்சட்டையை எடுத்துக் கொடுங்கள். பாட்டியின் உள்ளங்காலைக் கழுவிவிட்டு ஒருமுறை பாருங்கள். நீங்கள் சொன்னால் வீட்டில் கேட்பார்கள். நான் சொன்னால் இந்த மண்டபத்தோடு போய்விடும்.

பரிசு பெறும் உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.